ஊழியத்துக்குப் போகும் நெல்லைப் பிள்ளைகளின் முதல் நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லைச் சீமையிலிருந்து சென்னை, கோவை, பெங்களூர் என்று பிழைக்கப் போன இடத்தில் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்ந்த குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஊரில் பலருக்கும் 'மார்மன் சபை' என்றால்தான் புரியும். 2018-லிருந்து சபை தன் முழுப் பெயரையே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறது, அதனால் இனி 'சபை' என்றே எழுதுகிறேன். சபையின் இளம் பிள்ளைகள் வீட்டை விட்டு வேறு ஊரில் தங்கி, சம்பளமில்லாமல் சபையின் போதனையைச் சொல்லிக்கொடுப்பதைத்தான் ஊழியம் என்கிறோம். பெண்களுக்கான 18 மாத ஊழியத்தை முடித்து வந்தவள் நான். இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். யார் வீட்டுப் பிள்ளைக்கு ஊழிய அழைப்பு வந்தாலும் கேள்விகள் என்னிடம் வந்துவிடும். பிள்ளைகள் கேட்பது ஒன்று, அம்மா அப்பா கேட்பது ஒன்று, நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் இருக்கும் பெரியப்பா, அத்தைமார் கேட்பது இன்னொன்று. எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிட்டேன்.

எப்படிக் கேட்டாலும் அடியில் கிடப்பது ஒரே கவலைதான்: முதல் சில வாரம் பிள்ளை தாங்குவானா? தாங்குவான். ஆனால் அந்த வாரங்களில் வீடு அவனுக்குப் பாரமாக இருக்கிறதா பலமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பாதி இருக்கிறது. அதனால் அவனுக்குச் சொல்வதைவிட வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

"இது என்ன சபை? நாம பரம்பரையா சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). நம்ம சபைப் போதகர் ஐயர்கிட்ட என்ன சொல்ல?"

உள்ளதைச் சொல்லுங்கள். 1830-இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை. தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரத்தில் இருக்கிறது. வேதாகமத்தோடு மார்மன் புஸ்தகத்தையும் வேதமாக வாசிக்கிறோம். இயேசு கிறிஸ்துவே இரட்சகர் என்று நம்புகிறோம். ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தைப் பற்றி மற்றச் சபைகள் சொல்வதுபோல நாங்கள் சொல்வதில்லை, வேறு சபையில் பெற்ற ஞானஸ்நானத்தையும் ஏற்பதில்லை. ஐயர் இதில் சம்மதிக்க மாட்டார். சம்மதிக்க வைக்கவும் வேண்டாம். அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, கூப்பிட்டால் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கிளம்பப்போகிற பிள்ளையை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் வேத வாக்குவாதம் நடத்த வேண்டாம் என்பதுதான் என் வேண்டுதல். அந்தச் சண்டை அவன் பெட்டியோடு சேர்ந்து போய் முதல் வாரம் முழுக்க அவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

எந்த வயதில் போகலாம், எத்தனை காலம், எந்த ஊர்?

பையன்களுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், 24 மாதம். பெண்களுக்கு 18 மாதம். 2012 அக்டோபர் வரை பையன்களுக்கு 19, பெண்களுக்கு 21 என்று இருந்தது. அந்த மாதம் 18, 19 என்று குறைத்தார்கள், 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆக்கிவிட்டார்கள். ஊரை நாம் கேட்டு வாங்க முடியாது. உள்ளூர்த் தலைவரிடம் பேசி, மருத்துவர், பல் மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட படிவங்களோடு விண்ணப்பம் போகும். எங்கே என்பது அழைப்புக் கடிதத்தில்தான் தெரியும். பெங்களூரை மையமாக வைத்து 1993-லிருந்து ஒரு ஊழியப் பகுதி இருக்கிறது, புது டெல்லியில் 2007-லிருந்து இன்னொன்று. வெளிநாட்டுக்கும் அழைப்பு வரலாம்.

சம்பளம் உண்டா?

கிடையாது. குடும்பமும் பிள்ளையும் முடிந்ததைப் போட வேண்டும், முடியாத இடத்தில் சபையின் நிதி உதவும். மாதத்துக்கு இவ்வளவு என்று செலவுக்கு வரும், அதற்குள் அரிசி, காய்கறி, பஸ், சோப்பு எல்லாம் அடங்க வேண்டும். கணக்கு எழுதும் பழக்கத்தைக் கிளம்புவதற்கு முன்பே அவனுக்குக் கொடுங்கள். மார்க்கெட்டுக்கு அவனைத் தனியாக அனுப்புங்கள். கத்தரிக்காய் விலை தெரியாத பிள்ளை இருபது தேதிக்கெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான்.

முதல் நாள் எப்படி இருக்கும்?

கிளம்புவதற்குமுன் தலைவர் ஒருவர் தலைமேல் கை வைத்து ஜெபித்து அவனை ஊழியத்துக்கென்று பிரித்து வைப்பார். அந்த ஜெபம் முடிந்த நிமிஷத்திலிருந்து அவன் ஊழியக்காரன். பலர் இதை எதிர்பார்ப்பதில்லை. ரயில் ஏறும்போதுதான் தொடங்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். 2020-க்குப் பிறகு பயிற்சியின் முதல் பகுதியை வீட்டிலிருந்தே ஆன்லைனில் நடத்துகிறார்கள். அது ஒரு விசித்திரமான வாரம். பிள்ளை வெள்ளைச் சட்டையும் டையும் போட்டு அறைக்குள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பான், அடுக்களையில் குக்கர் விசில் அடிக்கும், வாசலில் பக்கத்து வீட்டு அத்தை சத்தமாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வீடும் ஊழியமும் ஒரே கூரைக்குள் இருக்கிற அந்த வாரத்தில் அவனைக் கடைக்கு அனுப்பாதீர்கள், விருந்தாளிகளை வரவழைத்துக் காட்டாதீர்கள். அறைக் கதவைச் சாத்த விடுங்கள்.

அப்புறம் பயிற்சி மையம், அதற்குப் பிறகு ஊழியப் பகுதி. போய் இறங்கியதும் அந்தப் பகுதியின் தலைவரும் அவர் மனைவியும் சோறு போட்டுப் பேசுவார்கள். பிறகு பயிற்சி கொடுக்கும் மூத்த ஊழியர் ஒருவரோடு ஜோடி சேர்ப்பார்கள். இந்த ஜோடியைத்தான் கம்பேனியன் என்கிறோம். முதல் 12 வாரம் பயிற்சிக் காலம்.

முதல் நாளில் நம் பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். சட்டைப் பையில் குத்துகிற கறுப்புப் பெயர்ப்பலகையில் குடும்பப் பெயர் வரும், பையன் என்றால் முன்னால் 'எல்டர்', பெண் என்றால் 'சிஸ்டர்'. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் பலருக்கு அப்பா பெயர்தான் இருக்கும். ஆக, இறங்கிய நேரத்திலிருந்து அவனை எல்லாரும் அவன் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் அம்மாகூடச் சொல்லத் தயங்கும் பெயரை முன்பின் தெரியாதவர்கள் தெருவில் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடும்போது முதல் இரண்டு நாள் அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான். என்னையும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முதலில் கூச்சமாக இருந்தது, போகப் போக அதுவே பெரிய தைரியமாக ஆனது. அப்பாமாரே, இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஆறரைக்கு எழுந்து அரைமணி நேரம் உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, பிறகு தனியாக வேதவாசிப்பு, ஜோடியாகப் படிப்பு. காலை பத்து மணிவாக்கில் வெளியே கிளம்பினால் ராத்திரி ஒன்பது ஒன்பதரைக்குத்தான் அறைக்குத் திரும்புவார்கள். பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். 2017-க்குப் பிறகு ஊருக்கு ஏற்றபடி நேரத்தை முன்னே பின்னே மாற்றிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் சபை உறுப்பினர் வீடுகளுக்குப் போவது, கேட்க விரும்புகிறவர்களுக்குப் பாடம் நடத்துவது, யாருக்காவது வீடு மாற்றக் கை கொடுப்பது. கம்பேனியனை விட்டுத் தனியாக எங்கேயும் போகக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள், பெரும்பாலும் திங்கள்கிழமை. துணி துவைப்பது, முடி வெட்டுவது, சாமான் வாங்குவது, வீட்டுக்குப் பேசுவது எல்லாம் அன்றைக்குத்தான்.

"அக்கா, வந்து நாலு நாள்தான் ஆகுது. ராத்திரி படுத்தா அழுகையா வருது. எனக்கு விசுவாசம் இல்லையா?"

தம்பி, விசுவாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூடத் தனியாகத் தங்காத பிள்ளை நீ. போன வாரம் வரை சாப்பிட்ட தட்டை அம்மா எடுத்துப் போட்டார்கள். இந்த வாரம் தெரியாத ஊரில், தெரியாத ஒருவரோடு, ஃபோனைத் தோண்டிக்கொண்டிருக்க வழியில்லாமல், சினிமாப் பாட்டு இல்லாமல், நண்பன் இல்லாமல் இருக்கிறாய். உடம்பும் மனசும் திணறத்தான் செய்யும். பகலில் அலைந்துகொண்டிருக்கும்போது தெரியாது. ராத்திரி விளக்கணைத்தபிறகும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும்தான் பிடித்து உலுக்கும். எனக்கு மல்லிகைப்பூ வாசம் வந்தாலே தொண்டை அடைக்கும். பெரிய காரணம் ஒன்றுமில்லை, எங்கள் வீட்டு வாசலில் ஒரு கொடி உண்டு, அவ்வளவுதான்.

இது உனக்கு மட்டும் வந்ததில்லை. கார்டன் ஹிங்க்லி என்று ஒருவர், 1995 முதல் 2008-இல் இறக்கும்வரை சபையின் தலைவராக இருந்தவர். அவர் 1933-இல் 23 வயதுப் பையனாக இங்கிலாந்தின் பிரஸ்டன் ஊருக்கு ஊழியத்துக்குப் போனார். போன புதிதில் உடம்பும் சரியில்லை, கேட்பாரும் இல்லை. என் நேரமும் உங்கள் பணமும்தான் வீணாகிறது என்று அப்பாவுக்கு எழுதிப் போட்டார். அப்பாவிடமிருந்து வந்த பதில் மிகச் சின்னது: உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார். அன்று காலையில்தான் சுவிசேஷத்துக்காகத் தன் ஜீவனை இழக்கிறவன் அதை இரட்சித்துக்கொள்வான் என்ற வசனத்தை வாசித்திருந்தாராம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே முழங்கால் போட்டு ஜெபித்ததாகவும், பின்னால் தன் வாழ்க்கையில் நடந்த நல்லதெல்லாம் அந்த நாளிலிருந்து வந்ததாகவும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஆனாலும் எல்லாருக்கும் இதையே மருந்தாகக் கொடுக்கக் கூடாது. ஏக்கம் ஒன்று, நோய் வேறொன்று. சபை புதிய ஊழியர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாலு நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். அழுதாலும் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய், மறுநாள் எழுந்து கிளம்புகிறாய் என்றால் வேலைதான் மருந்து. யார் வீட்டிலாவது பாத்திரம் கழுவிக் கொடு, கம்பேனியன் சட்டையைச் சேர்த்துத் தேய்த்து வை. வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அப்போதே கம்பேனியனிடம் சொல், ஊழியப் பகுதியின் தலைவருக்கு ஃபோன் போடு. அவர் அதற்காகத்தான் இருக்கிறார். மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்வார். ஜெபம் பண்ணினால் சரியாகிவிடும் என்று யாராவது உன்னை வாயடைத்தால் அதைக் கேட்காதே. நீ ஜெபமும் பண்ணு, மருத்துவரையும் பார்.

கம்பேனியனோடு ஒத்துப்போகவில்லை என்றால்?

முதல் வாரத்தில் ஒத்துப்போனால்தான் ஆச்சரியம். ராஜமுந்திரிக்காரப் பிள்ளை ஒன்று வாய்க்கலாம், மிசோரம் பிள்ளையும் வாய்க்கலாம். அவர்கள் காரம் வேறு, குளிக்கிற நேரம் வேறு, பேசாமல் இருக்கிற விதமும் வேறு. நம் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு, மனத்தாங்கலை வாய்விட்டுச் சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. அதன் அர்த்தம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு மிசோ பையனுக்கு எப்படித் தெரியும்? வாரத்துக்கு ஒருமுறை ஜோடியாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச நேரமே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் சொல்லிவிடு. நீ சமைக்கும் நாளில் சொதி வைத்துக் கொடு, தேங்காய்ப்பால் எல்லாருக்கும் பிடிக்கும். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் பார்ப்பார்கள், அதனால் எந்த ஜோடியும் கடைசிவரை இல்லை. ஆனால் கை ஓங்குவது, தொடுவது, மிரட்டுவது என்று வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதே. அன்றைக்கே தலைவரிடம் சொல்.

எப்போது ஃபோன் பண்ணுவான்? நாங்கள் என்ன பேசலாம்?

2019 பிப்ரவரிக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான் பேச முடியும், மற்ற வாரமெல்லாம் மின்னஞ்சல். இப்போது வாரந்தோறும் ஆயத்த நாளில் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம். அழைப்பை அவன்தான் தொடங்குவான். ஒரு வாரம் பத்து நிமிஷம் தாமதித்தால் பஸ் வந்திருக்காது, அவ்வளவுதான். அதற்குள் ஊழிய அலுவலகத்துக்குப் ஃபோன் போட்டுக் கலவரம் பண்ணாதீர்கள்.

அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் அழைப்பில் "எப்பய்யா வருவ? நீ இல்லாம வீடே வெறிச்சோடிக் கெடக்கு. ஆச்சி சாப்பிடவே மாட்டேங்கா" என்று தொடங்கினால் அவன் அந்த வாரம் முழுக்க ஆச்சியின் தட்டை நினைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பான். அதைச் சரிசெய்ய அவனால் அங்கிருந்து என்ன முடியும்? அழுகை வந்தால் அழுங்கள், கல்லாக இருக்கச் சொல்லவில்லை. ஆனால் அழைப்பின் கடைசி ஐந்து நிமிஷத்தில் சிரித்துவிட்டு வையுங்கள். "வந்துரு"வும் வேண்டாம், "வந்தா எங்க மூஞ்சியில முழிக்காத"வும் வேண்டாம். இரண்டும் ஒரே பாரம்தான்.

கேட்பதற்கு நல்ல கேள்விகள் நிறைய இருக்கின்றன. என்ன சமைத்தாய், யார் பாத்திரம் கழுவினார்கள், இந்த வாரம் யார் வீட்டுக்குப் போனாய், அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், செருப்பு கடிக்கிறதா? இப்படிச் சின்னச் சின்னதாகக் கேட்டால் வாய் திறப்பான். "ஊழியம் எப்படிப் போகுது?" என்று கேட்டால் "நல்லாப் போகுது" என்ற ஒரு வார்த்தையோடு நின்றுவிடும். நெல்லைச் செய்தியும் சொல்லுங்கள்: தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு போகிறது, வீட்டுப் பசு கன்று போட்டதா, சித்தப்பா மகள் எத்தனை மார்க். சொத்துத் தகராறு, கடன், மாமா குடித்துவிட்டு வந்து வாசலில் கத்தியது, இதெல்லாம் அவனிடம் சொல்ல வேண்டியவையா என்று ஒரு நாள் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். வீட்டில் பெரிய நோயோ சாவோ என்றால் மறைக்கவே கூடாது. தலைவர் மூலமாக உடனே தெரிவியுங்கள். பிறகு தெரிந்தால் அவன் யாரையும் நம்ப மாட்டான்.

காப்பி, டீ குடிக்கக் கூடாதாமே? போன வீட்டில் மாட்டேன் என்றால் மரியாதையாக இருக்குமா?

ஆமாம், காப்பி, டீ, மது, புகையிலை எதுவும் கிடையாது. 1833-இல் வந்த ஞான வார்த்தை என்ற கட்டளை, ஊழியருக்கு மட்டுமல்ல, உறுப்பினர் எல்லாருக்கும்தான். நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பினால் அந்த வீட்டுக்காரருக்குத்தான் அவமானம். அதனால் மறுக்கும் விதம் முக்கியம். "காப்பி குடிக்க மாட்டோம்" என்று மொட்டையாகச் சொல்லாதே. அடுப்பில் பால் வைப்பதற்கு முன்பே, செருப்பைக் கழற்றும்போதே, "அத்தை, வெயில்ல வந்தோம், ஒரு செம்பு தண்ணி குடுங்க" என்று நீயே முதலில் கேட்டுவிடு. கேட்டு வாங்கிக் குடித்தால் உபசரித்த நிறைவு அவர்களுக்குக் கிடைத்துவிடும். மோர், எலுமிச்சை ஜூஸ், பானகம் எதுவானாலும் தாராளமாகக் குடிக்கலாம். சுக்குக் காப்பியில் காப்பித்தூள் போடாமல் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் மட்டும் தட்டிப் போட்டால் அதுவும் சரிதான். ஆனால் நம் ஊரில் பலர் வாசத்துக்கு ஒரு சிட்டிகை காப்பித்தூள் போடுவார்கள், கேட்டுவிட்டுக் குடி.

காப்பி விட்ட முதல் மூன்று நான்கு நாள் சிலருக்குத் தலைவலி வரும். சபையில் புதிதாகச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை என்றால் கிளம்புவதற்குப் பல மாதம் முன்பே விட்டிருப்பான், அதனால் பயமில்லை.

பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

சென்னைப் பக்கம் போட்டால் சிரிப்பார்கள். கோவையிலும் கொஞ்சம் சிரிப்பார்கள். மாற்றிக்கொள்ள வேண்டாம். "ஏல" என்பதை மட்டும் புதியவர்களிடம் அடக்கி வை, மற்றபடி நெல்லைப் பேச்சில் ஒரு உரிமை இருக்கிறது, மூன்றாவது சந்திப்பில் அவர்களே அதைத் தேடுவார்கள். தெலுங்கு, இந்தி பேசும் இடம் என்றால் தினமும் படிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், உள்ளூர்க்காரக் கம்பேனியன் கிடைத்தால் மூன்று மாதத்தில் கடைத்தெருவைச் சமாளித்துவிடலாம்.

"பிள்ளையைப் பெத்து வளத்து யாருக்கோ அனுப்பிட்டியே" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

இந்தக் கேள்வி திருநெல்வேலியில் கேட்கப்படுவதுதான் எனக்கு ஆச்சரியம். நம் மண்ணுக்கு எத்தனை தாய்மார் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள்! மிஷனெரி ரேனியஸ் பிரஷ்யாவிலிருந்து (இன்றைய ஜெர்மனிப் பக்கம்) வந்து 1820-இல் பாளையங்கோட்டையில் குடியேறினார். கால்டுவெல் மதராஸில் வந்து இறங்கியபோது அவருக்கு 23 வயதுதான், 1841-இல் இடையன்குடிக்கு வந்து ஏறக்குறைய ஐம்பது வருஷம் நெல்லைச் சீமையிலேயே உழைத்தார். டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-இல் இறக்கும்வரை ஒரு தடவைகூடச் சொந்த ஊர் திரும்பவில்லை. இவர்கள் யாரும் எங்கள் சபைக்காரர்கள் இல்லை. எங்கள் உபதேசத்தை இவர்கள் ஒத்துக்கொண்டிருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் நாம் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் யாரோ ஒரு தாயின் பிரிவு இருக்கிறது என்பது உண்மைதானே?

நாமும் வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்து பிற்காலத்தில் பேராயரான அசரியாவும் கூட்டாளிகளும் 1903-இல் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் திருநெல்வேலியில் தொடங்கி, நம் ஊர்ப் பிள்ளைகளைத் தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல்லுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் போனவர்களுக்கு வாராவாரம் முகம் பார்த்துப் பேச வழி ஏது? பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் அந்தச் சங்கத்துக்கு இன்றும் காணிக்கை போடுகிறவராகத்தான் இருப்பார்.

எங்கள் சபை ஊழியர்கள் முன்பு தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறார்களா?

1853-லேயே வந்திருக்கிறார்கள். ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் இரண்டு கூட்டாளிகளோடு யூட்டாவிலிருந்து புறப்பட்டுக் கல்கத்தா வழியாக மதராஸ் வந்து சேர்ந்தார். கையில் காசு வைத்துக்கொள்ளாமல் போக வேண்டும் என்று அக்காலத்து ஊழியர்கள் வைத்திருந்தார்கள். மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். கேட்டவர்கள் குறைவு, உடல்நலமும் கெட்டது, அடுத்த வருஷமே திரும்ப வேண்டியதாயிற்று. 1849-இல் சால்ட் லேக்கில் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவரும் இவர்தான். முதல் வாரத்தில் யாருமே பேச்சைக் கேட்கவில்லை என்று சோர்ந்துபோகிற பிள்ளைக்கு இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

மதமாற்றச் சட்டம், தகராறு என்றெல்லாம் செய்தி வருகிறதே, பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. சில மாநிலங்களில் கடுமையான சட்டங்கள் இருக்கின்றன, உத்தரப் பிரதேசம் 2021-இல் கொண்டுவந்தது. எங்கே பேசலாம், எங்கே பேசக் கூடாது என்பதை அந்தந்தப் பகுதியின் தலைவர் சொல்வார், அதை மீறக் கூடாது. பணமோ வேலையோ காட்டி யாரையும் கூப்பிடக் கூடாது என்பது சட்டத்துக்கு முன்பே நம் மனசாட்சிக்குத் தெரிந்த விஷயம். கேட்கப் பிரியமில்லாதவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு நகர வேண்டும். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்: ஒருவர் வேண்டாம் என்றால் அது முழு வேண்டாம்தான். பதினெட்டு வயதுப் பிள்ளையின் ஆர்வக் கோளாறு அதற்கு மேலே போகக் கூடாது.

படிப்பு? கல்யாணம்?

சேர்ந்த கல்லூரியில் இடையில் நிறுத்திவிட்டுத் திரும்பச் சேர விதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போய்த் திரும்பி வந்து அலைந்தவர்களை எனக்குத் தெரியும். என் யோசனை, பிளஸ் டூ முடித்ததும் போவது, இல்லையென்றால் டிகிரி வாங்கிவிட்டுப் போவது. அரியர் வைத்துவிட்டு மட்டும் கிளம்ப வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் "திரும்பி வரும்போது வயசு ஏறிரும், யாரு கட்டுவா?" என்று கேட்கிறார்கள். ஒன்றரை வருஷத்தில் என்ன ஏறிவிடும்? தனியாக வீடு பார்த்து, கணக்கு எழுதி, தெரியாதவர்களிடம் நிமிர்ந்து பேசிப் பழகி வருகிற பெண்ணை வேண்டாம் என்று சொல்கிற வீடு நமக்கும் வேண்டாம்.

பாதியில் திரும்பி வந்துவிட்டால்?

வரட்டும். உடல்நலத்துக்காக முன்னதாகத் திரும்புகிறவர்கள் உண்டு. வீட்டிலிருந்தே செய்யும் சேவை ஊழியம் என்று இன்னொரு வழியும் சபையில் இருக்கிறது. பிள்ளை ரயிலை விட்டு இறங்கும்போது அப்பா ஜங்ஷனில் நிற்க வேண்டும். ஏன் வந்தாய் என்று முதல் வாரம் யாரும் கேட்கக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் அவன் பக்கத்தில் யாராவது போய் உட்கார வேண்டும். நமக்குள் சிலர் கிசுகிசுத்ததால் சபைக்கே வராமல் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். போய்த் திரும்பிய பிள்ளையை இழக்கும் அளவுக்கு இது என்ன பெரிய குற்றம்?

பார்சல் அனுப்பலாமா? அல்வா?

அனுப்பலாம், ஆனால் முதல் மாதம் வேண்டாம். அவன் அங்கத்திய சாப்பாட்டுக்குப் பழகட்டும். அடிக்கடி இடம் மாறுவதால் அறை முகவரிக்கு அனுப்பாமல் ஊழிய அலுவலகத்தில் எந்த முகவரி என்று கேட்டு அனுப்புங்கள். நெய் நிறையப் போட்ட அல்வா நாலைந்து நாள் தாங்கும், வெயில் காலத்தில் எண்ணெய் பிரிந்து ஓடும் என்பதால் டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். அறையில் நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கும் கணக்குப் போட்டு வையுங்கள். ஊறுகாய் வேண்டவே வேண்டாம், பாட்டில் உடைந்து வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சளாகிவிடும். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, ஒரு பாக்கெட் கருப்பட்டி, ஒரு ஜோடி நல்ல செருப்பு போதும். செருப்பு வாங்கும்போது ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், நடந்து நடந்து கால் வீங்கும்.